தூரத்து வாங்கு

அத்தியாயம் 11

நான்காவது பூங்காவையும் அம்மா வேண்டாம் என்றாள்.

"வெயில் கூட. படத்தில ஒரு மரத்தையும் காணேல்லை."

"முந்திச் சொன்ன ஒண்டை இருட்டு எண்டனீங்கள்."

"அது வேற பூங்கா."

றொஷேல் தாளில் தியத உயன என்ற பெயரின் மேல் கோடு போட்டாள். அதற்கு மேலே ஏற்கனவே மூன்று கோடுகள். பேராதனை தூரம். ஹெனரத்கொடவில் மரம் அதிகம், இருட்டு. பெத்தகானவில் பலகை நடைபாதை. அதற்கு அம்மா சொன்ன காரணம் விசித்திரமாக இருந்தது. "உதில ஆர் எங்க இருக்கிறது?"

காரணங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஆனாலும் அவள் தாளை மடிக்கவில்லை.

இன்று வியாழக்கிழமை. நாளை காலை ஏழரைக்கு மன்னாரிலிருந்து கொழும்பு பஸ். சனிக்கிழமை வத்தளையில் அன்ரோனெற் மாமியின் கடைசி மகளுக்குக் கோயிலில் புதுநன்மைச் சடங்கு. மாமி அப்பாவின் தங்கை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலையும் இல்லை. "அண்டைக்கு ஒரு பூங்காவுக்குப் போவம். நீயே பார்த்துச் சொல்லு," என்று அம்மா போன கிழமை சொல்லியிருந்தாள்.

இருபத்தேழு வயதில் முதல் தடவையாக அந்த வீட்டில் அவளுடைய விருப்பத்தைக் கேட்டார்கள். அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சந்தேகப்படவில்லை. வேலை செய்யும் மருந்துக்கடையில் ஆள் குறைந்த மத்தியானங்களில் போனில் பூங்காக்களைப் பார்த்தாள். அவர்களுடைய ஊரான ஓலைத்தொடுவாயில் பனையும் உடைமரமும்தான். அவளுக்கு ஈரமான மரம் பார்க்க வேண்டும். ஹெனரத்கொடவில் பாசி பிடித்த வேர் ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாள்.

இன்னொன்றும் இருந்தது. மூன்று கிழமைக்கு முன் அவள் தன் இடது மணிக்கட்டில் பருப்பளவு வெள்ளையைக் கண்டாள். அன்றைக்கே அகலப் பட்டி வைத்த கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டினாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. கிணற்றடியிலும் கழற்றுவதில்லை. பட்டி ஈரத்தில் ஊறி நாறத் தொடங்கியிருந்தது.

"கடைசி ஒண்டு," என்றாள். "விகாரமகாதேவிப் பூங்கா."

அம்மா போனை வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"புல்லுத்தரை இருக்கு. மரமும் இருக்கு. குந்தி இருக்க வாங்கு இருக்கோ?"

"பூங்கா எண்டா வாங்கு இருக்கும்தானே."

"மரத்துக்குக் கீழயும் இருக்கோ?"

"இருக்கும்."

"அப்ப இது சரி."

அம்மா சிரித்தாள். அம்மா மாக்கிறட் சிரித்து இந்த வீட்டில் நாளாயிற்று. றொஷேலும் சிரித்தாள்.

"அப்பாவுக்குத் தேத்தண்ணியைக் குடுத்திட்டு வா," என்றாள் அம்மா.

•

அப்பா சிங்கராசா, வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் படகு எஞ்சின்கள் திருத்துகிறார். பன்னிரண்டு வருடமாக அவருக்கு வெண்புள்ளி. முதலில் விரல்களில் வந்தது. பிறகு கழுத்து. பிறகு வாயைச் சுற்றி. தொற்றாது, நோகாது. எந்த வெயிலிலும் அவர் நீட்டுக்கைச் சட்டைதான் போடுவார். சட்டைக் கையின் நுனி எண்ணெயில் தோய்ந்து கறுத்திருக்கும்.

"பூங்கா முடிவாச்சோ பிள்ளை?"

"ஓம் அப்பா. கடைசியா ஒண்டு அம்மாவுக்குப் பிடிச்சிட்டுது."

"அங்கை வாங்குகள் கிட்டக் கிட்டவோ, தூரத் தூரவோ?"

"அதென்ன கேள்வி? நீங்கள் வரேல்லை எண்டெல்லோ அம்மா சொன்னவ."

"நான் வரேல்லை. எஞ்சின் ரெண்டு கிடக்கு." அவர் தேத்தண்ணியை ஊதினார். "அம்மாவுக்கு முழங்கால் ஏலாதெல்லே. அதுக்குத்தான்."

அம்மாவுக்கு முழங்கால் நோவு இல்லை. றொஷேல் அதை யோசித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

•

மத்தியானம் அம்மா தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நிரம்பிட்டுதாம். படம் எடுக்க விடுதில்லை. கொஞ்சம் துடைச்சுத் தா. புதுநன்மைக்கு எடுக்க வேணும்."

கொடுத்துவிட்டுக் கருவாடு கட்டப் போனாள். மாமிக்குக் கட்டாக் கருவாடு என்றால் உயிர்.

குரல் செய்தியை ஒருமுறை கேட்டால் அது போய்விடும் என்று அம்மா நினைத்திருந்தாள். வீடியோவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். கோயில் மணி அடித்து ஓய்வதுபோல.

போகவில்லை. எல்லாம் இருந்தன.

மாமி மூன்று வீடியோக்கள் அனுப்பியிருந்தாள். மூன்றும் பூங்காக்கள். மூன்றிலும் மாமியின் மூத்த மகள் ஜெசிக்கா நடந்தாள். கையில் ஐஸ்கிறீம். போனுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல்.

"மெதுவா நட. கையை ஆட்டாதை. இப்ப நில். மரத்தைப் பார்க்கிற மாதிரி நில். அந்தப் பக்கம் திரும்பு. ம். கழுத்தைக் காட்டு."

"அம்மா, ஐஸ்கிறீம் உருகுது."

"சத்தம் போடாதை. றொஷேல் வந்து நிக்கிற இடம் இது. வெளிச்சம் காணுமோ எண்டு பார்க்கிறன்."

றொஷேல் வீடியோவை நிறுத்தினாள். ஜெசிக்கா கழுத்தைத் திருப்பியபடி நின்றாள். விரலில் வடிந்த பால் பாதியில் நின்றிருந்தது.

பிறகு குரல் செய்திகளைக் கேட்டாள். மாமி எதையோ மென்றுகொண்டு பேசினாள். மெல்லுகிற சத்தம் காதுக்குள் ஈரமாக விழுந்தது.

"மச்சாள், டிலுக்சன்ர தாய் கதைச்சவா. கோயிலுக்குள்ள காட்ட வேண்டாமாம். போன வருசம் மடுத் திருவிழாவில ஒரு பிள்ளையைக் காட்டினவையாம். முட்டாக்கு, நீட்டுக்கை. ஒண்டும் தெரியேல்லையாம். வீட்டை போய்ப் பார்த்தா முழங்கையில வெள்ளையாம். அதால வெளியில, பத்து மணி வெயிலில பார்க்க வேணுமாம். அரைக்கைச் சட்டை போட்டு விடுங்கோ. எங்கட பிள்ளைக்கு ஒண்டுமில்லைத்தானே. நான் ஓம் எண்டிட்டன். தற்செயலாச் சந்திச்ச மாதிரி இருக்கட்டும். அவளுக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

டிலுக்சன் என்ற பெயரை அவள் இதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்தது.

"பெடியன் கனடா மச்சாள். ரெண்டு கிழமைதான் நிப்பான். தகப்பன் எங்க எண்டு கேட்டவை. நான் கடலோட போயிட்டார் எண்டு சொல்லிட்டன். வேற என்னத்தைச் சொல்ல? அண்ணையைக் காட்டினா நாலாவது முறையும் எழும்பிப் போயிடுவினம்."

அடுத்தது அம்மாவின் குரல். தாழ்ந்த குரல்.

"மச்சாள், வெளிச்சம் வேணும்தான். ஆனா தள்ளி, நிழலுக்க ஒரு வாங்கும் வேணும். இவர் வர வேணுமாம். பெடியனை ஒருக்காப் பார்க்க வேணுமாம். தெரியாத ஆள் மாதிரி இருப்பார். அதுக்குத் தோதான பூங்காவாப் பாருங்கோ."

அடுத்த செய்தியில் மாமி சிரித்தாள். வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"சரி, வரட்டும். தொப்பி போடச் சொல்லுங்கோ. பேப்பர் ஒண்டை விரிச்சுப் பிடிச்சா வாயும் மறையும், கையும் மறையும். கிட்ட மட்டும் வரக் கூடாது."

றொஷேல் எழுந்தாள். கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுக்கக் குனிந்து, வாயைக் கொப்பளித்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி கொப்பளித்தாள்.

கொப்பளிக்கும்போது அவளுடைய வலது கை இடது கையின் பட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது. பத்து மணி வெயில் என்று கேட்ட கணத்தில் பிடித்தது. அப்பாவைப் பற்றிய செய்திக்கு முன்னாலேயே பிடித்துவிட்டது.

அதைக் கண்டபோதுதான் அவளுக்கு உண்மையாகவே குமட்டியது.

•

அம்மா குசினியில் கருவாட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஈக்கள் அவளுடைய மணிக்கட்டில் இருந்தன. அவள் ஓட்டவில்லை.

"அப்பா எப்ப செத்தவர் அம்மா?"

அம்மாவின் கை நின்றது.

"எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அழுதிருப்பன்."

"கத்தாதை. பக்கத்து வீட்டில பிரான்சிஸ்கா நிக்கிறாள்."

"நிக்கட்டும். செத்தவீட்டுக்கு வரட்டும்."

அம்மா போனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். முகம் வெளிறியது. பிறகு இறுகியது.

"மூண்டு பேர் வந்து பார்த்திட்டுப் போனவை," என்றாள். "மூண்டு முறையும் அப்பா தட்டோட வந்தவர். மூண்டு முறையும் தேத்தண்ணியைத் தொடேல்லை. கோப்பையில ஆடை கட்டினது. நீ அறைக்குள்ள போயிடுவாய். முத்தத்து மண்ணில கொண்டு போய் ஊத்தினது நான். ஒவ்வொரு கோப்பையா நான்தான் ஊத்தினது."

"அதுக்கு ஆளைச் சாக்காட்டுறதோ?"

"நான் சாக்காட்டேல்லை. அவற்ற தங்கச்சிதான் சொன்னது."

"நீங்கள் மறுத்தனீங்களோ?"

அம்மா பேப்பரின் நுனியை மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள்.

"சரி," என்றாள் றொஷேல். "அவைக்குப் பிடிச்சிட்டுது எண்டு வைப்பம். கலியாண ஓலை எங்கை வாசிப்பினம்?"

"என்ன?"

"கலியாணத்துக்கு முதல், பொம்பிளையின்ர பங்குக் கோயிலில மூண்டு ஞாயிறு ஓலை வாசிச்சு அறிவிக்க வேணும். எங்கட கோயிலில பங்குச் சாமியார் என்னெண்டு வாசிப்பார்? சிங்கராசா மாக்கிறட் தம்பதிகளின் புதல்வி எண்டோ? காலஞ்சென்ற சிங்கராசா எண்டோ? காலஞ்சென்றவர் பாடகர் குழுவில நிண்டு பாடுவார். மாப்பிள்ளை பகுதியும் பூசைக்கு வந்திருக்கும்."

அம்மா கருவாட்டுப் பொட்டலத்தைத் திறந்தாள். மூடினாள். அவளுடைய கண்கள் ஓர் இடத்தில் நின்றுவிட்டன. உடையிலிருந்து தொப்பிவரை எல்லாவற்றையும் யோசித்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை காண்கிறவர்கள்.

"அதை நாங்கள் நினைக்கேல்லை," என்றாள் அம்மா.

ஒரு ஈ அவளுடைய உதட்டில் வந்து இருந்தது. அப்போதுதான் கையை வீசினாள்.

•

அப்பா எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். கொட்டிலின் ஆணியில் ஒரு புதுத் தொப்பி தொங்கியது. அதன் கீழே மடித்த பேப்பர். காலையில் அவள் இரண்டையும் கவனிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமோ அப்பா?"

அவர் தலையை எடுக்கவில்லை.

"நான் செத்ததோ? ஓம். போன மாதமே செத்திட்டன். அதுக்குப் பிறகும் பத்து எஞ்சின் செய்திருக்கிறன்."

"பகிடி விடாதேங்கோ."

"வேற என்ன விடுறது?" அவர் நிமிர்ந்தார். துணியில் கையைத் துடைத்தார். துடைத்தாலும் விரல்களின் வெள்ளை போகாது. எண்ணெய்தான் போனது. "அன்ரோனெற் கேட்டவள், இப்பிடிச் சொல்லட்டோ எண்டு. சொல்லு எண்டனான். நான் கேட்டது ஒண்டுதான். பெடியனைப் பார்க்க வேணும். சிரிக்கேக்க எப்பிடிச் சிரிக்கிறான், தாயோட எப்பிடிக் கதைக்கிறான். தூரத்தில இருந்தாலும் தெரியும். அவை முதல் ஏலாது எண்டவை. நான் கெஞ்சித்தான் அந்த வாங்கை வாங்கினனான்."

"கெஞ்சினீங்களோ?"

"கெஞ்சினா என்ன? என்ர பிள்ளைக்குத்தானே." அவர் சிரித்தார்.

அப்பாவைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கைகளை அல்ல. அந்தக் கைகளைப் பிடித்துத்தான் அவள் நடக்கப் பழகினாள். அருவருப்பு அவருடைய சிரிப்பில் இருந்தது. வாங்கு கிடைத்த ஆளின் சிரிப்பு. பிச்சை போட்டவனுக்கு நன்றி சொல்கிற சிரிப்பு.

"உந்தத் தொப்பியை எப்ப வாங்கினீங்கள்?"

"போன சந்தைக்கு. நல்லா இருக்கோ?"

ஒளிகிறார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு வெட்கமில்லையோ என்று கேட்க வாய் எடுத்தாள். பட்டியின் நாற்றம் அவளுடைய மூக்குக்கு வந்தது. மூன்று கிழமை நாற்றம்.

கேட்கவில்லை.

•

பின்னேரம் காலையில் எழுதிய தாளை எடுத்தாள். கோடு போட்ட நான்கு பெயர்களையும் பார்த்தாள். வெளிச்சம் மாப்பிள்ளையின் தாய்க்கு. நிழல் அப்பாவுக்கு. இரண்டுக்கும் நடுவில் போதிய தூரம் மாமிக்கு. ஈரமான மரம் என்று கேட்டவள் ஒருத்திதான். அவளை யாரும் கேட்கவில்லை.

ஹெனரத்கொடவை இன்னொரு நாள் தனியாகப் போய்ப் பார்க்கலாம்.

நான்காவது பெயரை மறுபடி எழுதினாள். பிறகு அம்மாவின் போனில் மாமிக்குக் குரல் செய்தி பேசினாள்.

"மாமி, நான் றொஷேல். எல்லாம் கேட்டனான். அவையை வரச் சொல்லுங்கோ. ஞாயிறு பத்து மணி. தியத உயன. வெயில் கூட எண்டு அம்மா வேண்டாம் எண்ட இடம். நாங்கள் மூண்டு பேர் வாறம். அப்பாவும்தான். மூண்டு பேரும் ஒரு வாங்கில இருப்பம். பேப்பர் விரிக்கிற வேலை இல்லை."

அனுப்பினாள். இரண்டு நீலச் சரிக்குறிகள் விழுந்தன. மாமி எழுதத் தொடங்கினாள். நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். ஒன்றும் வரவில்லை.

"என்ன செய்து போட்டாய்?" அம்மா கதவில் நின்றாள். "அந்த இடத்திலயே எழும்பிப் போவினம்."

"போகட்டும். பூங்காவில கோப்பை இல்லை. உங்களுக்கு ஊத்துற வேலை மிச்சம்."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அடிப்பாள் போலிருந்தது. அடிக்கவில்லை.

ஆறரைக்கு வழக்கம்போல் செபமாலை. வழக்கம்போல் அப்பா தொடங்கினார். மணிகள் வெள்ளை விரல்களுக்குள் நகர்ந்தன. ஐந்தாம் பத்து முடிந்தது.

"எங்கள் குடும்பத்தில் மரித்த ஆத்துமாக்களுக்காக," என்றார் அப்பா. வழக்கமான வரிதான்.

அம்மா முட்டாக்கை இழுத்து முகத்தை மூடினாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகையா என்று றொஷேல் பார்க்கவில்லை. அப்பா தனியாகவே அந்தச் செபத்தைச் சொல்லி முடித்தார்.

•

காலை ஏழு மணி. மன்னார் பஸ் நிலையம். ஓட்டோவிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள்.

அப்பா நீட்டுக்கைச் சட்டை போட்டிருந்தார். தொப்பியும் போட்டிருந்தார். வருவேன் என்றும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

பஸ்ஸில் அம்மா முன் ஆசனத்தில் ஏறி இருந்தாள். றொஷேல் பக்கத்தில் இருந்தாள். அப்பா அவர்களைத் தாண்டிப் பின்னுக்குப் போனார். கடைசிக்கு முதல் வரிசை. ஜன்னலோரம் இருந்து பேப்பரை விரித்தார்.

"அங்கை ஏன் போறியள்? இஞ்சை இடம் கிடக்கு," என்றாள் அம்மா.

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. யாரையோ கேட்கிறார்கள் என்பதுபோல் வெளியே பார்த்தார்.

பஸ் வெளிக்கிட்டது. கொண்டக்டர் வந்தார்.

"எத்தினை பேர்?"

அம்மா பையில் காசைத் துழாவினாள்.

"மூண்டு," என்றாள் றொஷேல். "இஞ்ச ஒண்டு. பின்னுக்கு ரெண்டு."

அவள் எழுந்து ஆடி ஆடிப் பின்னுக்குப் போனாள். அப்பாவின் பக்கத்தில் இருந்தாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அங்கை போய் இரு பிள்ளை. நான் பழகிறன்."

"என்ன பழகிறியள்?"

"தெரியாத ஆளா இருக்க. அண்டைக்குப் பிழை விடக் கூடாதெல்லே."

மன்னார்ப் பாலம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். கீழே சேற்றில் செத்த மீன் ஒதுங்கிக் கிடந்தது. ஜன்னல் வழியே அழுகல் வாடை அடித்தது. யாரும் ஜன்னலை மூடவில்லை. பாலத்தில் எப்போதும் அந்த வாடைதான்.

அவர் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்தார். வாடைக்கு என்று சொல்லலாம்.

றொஷேல் இடது கையைத் திருப்பினாள். கொளுக்கியைக் கழற்றினாள். பட்டி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கடிகாரத்தை அப்பாவின் மடியில் வைத்தாள்.

"இதை வச்சிருங்கோ அப்பா. நாறுது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அது இருந்த இடத்தைப் பார்த்தார்.

பேப்பர் மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அவளுடைய மணிக்கட்டைத் தொட விரலை நீட்டினார். தொடும் முன் நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

"எப்ப இருந்து?"

"மூண்டு கிழமை."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

அவருடைய வாய், வெள்ளைக்கு நடுவில், கோணியது. கெஞ்சி வாங்கிய வாங்கு, தொப்பி, பேப்பர், பத்து மணி வெயில். எல்லாம் ஒரே நேரத்தில் அவருடைய முகத்தில் வந்து நின்றன. அவர் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

முன்னால் அம்மாவின் போன் அடித்தது. அம்மா எடுத்தாள். கேட்டாள். முகம் மாறியது. ஆசனத்தில் திரும்பி முழங்காலை ஊன்றி, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மாமி கதைக்கிறா. அவை ஓம் எண்டிட்டினமாம். தகப்பன் உயிரோட இருக்கிறதும் முதலே தெரியுமாம், அவற்ற தோல் வருத்தமும் தெரியுமாம். பெடியனுக்குப் பிரச்சினை இல்லையாம். பிள்ளைக்கு இல்லை எண்டாப் போதுமாம். உனக்கு ஒண்டும் இல்லை எண்டு உன்ர வாயால கேக்க வேணுமாம். இந்தா, கதை."

போனை நீட்டினாள்.

றொஷேல் எழுந்து போனாள். வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது கையை நீட்டினாள்.